முன்னே ஒரு அளவு, பின்னே ஒரு அளவு

"ஒரே வண்டிக்கு ரெண்டு அளவு டயரா? யாருங்க இப்படி யோசிச்சது?"

"யோசிச்சவங்க நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க. உங்களுக்கு வித்தவர்தான் யோசிக்கல. நாலு சக்கரத்துக்கும் முன்டயரையே மாட்டித் தள்ளிவிட்டுட்டாரு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஓரத்துல பாருங்க, டயர் அளவு எழுதி ஒட்டியிருக்கும். முன்னாடி இருநூத்தி இருபத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, பதினேழு. பின்னாடி இருநூத்தி நாப்பத்தஞ்சு, நாப்பது, பதினேழு."

"போன் நம்பர் மாதிரி இருக்கு."

"முதல் எண் அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது, அந்த அகலத்துல நூத்துக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரோட உயரம்னு சொல்லுது. மூணாவது ரிம்மோட குறுக்களவு, அங்குலத்துல."

"ஒரே வரியில மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூணும் இருக்கா? மூணு மாமியார் இருக்கிற வீடு மாதிரி இருக்குங்க."

"இருக்கட்டும். மருமக கெட்டிக்காரின்னா சமாளிச்சுடலாம். முன்சக்கரத்துக்குத் திரும்புற வேலை. பின்சக்கரத்துக்குத் தள்ளுற வேலை. வேலை வேற, அதனால அளவு வேற. போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான்."

டயர் கடைக்காரி சொன்னதைக் கேட்டு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு இன்னும் நாலைந்து தடவை வந்தான். காற்று குறையாத டயருக்குக் காற்று பிடிக்க வந்தான். கடைசியாக ஒருநாள், வண்டியே இல்லாமல் பேருந்தில் வந்து இறங்கினான்.

"நாமளும் அந்த மாதிரி இருக்கலாமா? நான் துறைமுகத்துல, நீங்க கடையில. வேலை வேற, வீடு ஒண்ணு."

"ஒரு கண்டிஷன். கடையை மூடுன்னு என்னைக்கும் நீங்க கேக்கக் கூடாது."

"அப்ப எனக்கும் ஒண்ணு. கிரேனை விட்டு இறங்கி வான்னு நீங்க கேக்கக் கூடாது."

"பேச்சு பேச்சுதான்."

"பேச்சு பேச்சுதான்."

கல்யாணமாகி மூன்று வருஷம். இருவரும் சொன்ன சொல் தவறவில்லை. அவன் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு என்ஜினியர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அந்த நீல நிற இரண்டு கதவுக் காரில் புறப்பட்டு வருவான். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பிப் போவான். இடைப்பட்ட நாட்களில் அவள் கடையைப் பார்த்துக்கொண்டாள். "தனியா எவ்வளவு தைரியமா நடத்துறா பாரு" என்று தெரிந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவளுக்கும் அது கேட்கப் பிடித்திருந்தது. ஆனால் போன வருஷத்திலிருந்து ஒரு வாக்கியம் அவள் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் குடியிருந்தது. வந்துவிடு என்கிற வாக்கியம். ஞாயிறு மாலை வாசலில் நிற்கும்போதெல்லாம் அது உதடுவரை வரும். "பத்திரமா போங்க" என்று மாற்றிச் சொல்லி அனுப்பிவிடுவாள்.

நேற்று சாப்பிடும்போது அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். துறைமுகத்தில் இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"உங்க இஷ்டம்" என்றாள் அவள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட.

இன்று சனிக்கிழமை. கடை திறந்து வெயில் கொஞ்சம் ஏறியிருந்தது. மூன்று வண்டி நிற்கக்கூடிய கூடம். இரண்டு லிஃப்ட். சுவர் முழுக்க இரும்பு அடுக்குகளில் டயர்கள். மழை நாளிலும் வெயில் நாளிலும் ஒரே மாதிரி வீசும் புது ரப்பர் வாசனை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பில் போடும் மேஜை. அங்கே அவன் தங்கை உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயருக்கு அவள் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் வர்றாரு. கையில போன், முகத்துல ஞானம். ராத்திரி முழுக்க டயரைப் பத்திப் படிச்சிருக்காருன்னு நெனக்கிறேன்."

அவன் காரை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"முதலாளியம்மா, ஒரு விண்ணப்பம். டயர் எப்படியும் மாத்தப்போறோம். ரிம்மையும் சேர்த்துப் பதினெட்டு அங்குலமா மாத்திட்டா என்ன? போட்டோவுல பாரேன், எவ்வளவு லட்சணமா இருக்கு!"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். லட்சணமாகத்தான் இருந்தது.

"மாத்தலாம். ரிம் ஒரு அங்குலம் ஏறினா, பக்கச்சுவர் அந்த அளவுக்கு இறங்கணும். மொத்த உயரம் மாறக் கூடாது. மாறினா ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், திருப்பும்போது உள்பக்கம் உரசும். அளவு சரியா எடுத்துடலாம், அது பெரிய விஷயமில்ல. ஆனா பக்கச்சுவர் மெலிஞ்சா பள்ளத்துல விழற அடியை யார் வாங்கறது?"

"யாரு?"

"ரிம் பாதி, உங்க முதுகு பாதி."

"அண்ணா, உனக்கு ஏற்கெனவே முதுகெலும்பு இருக்கான்னு அம்மாவுக்கு ஒரு சந்தேகம்" என்றாள் வாயாடி, பில்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ கணக்கைப் பாரு."

"கணக்குதான் பார்த்துட்டு இருக்கேன். இந்த டயர் இருநூத்தி எழுபது கிலோமீட்டர் வேகம் தாங்கும்னு ஒரு எழுத்து போட்டிருக்கான். அது டயரோட வேகம்ணா. உன் வேகம் இல்ல. நீ அதை வேண்டுதலா எடுத்துக்காதே."

அவன் சிரித்துக்கொண்டே பதினெட்டு அங்குல ஆசையைக் கைவிட்டான். அவன் தோற்பதில் ஒரு அழகு இருக்கும். ஒரே மூச்சில் தோற்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான்.

புது டயர்கள் நான்கும் லிஃப்ட் பக்கத்தில் தயாராக நின்றன. இரண்டு வாரத்துக்கு முன்பே அவள் வரவழைத்து வைத்திருந்தாள். "டயர்ல வரி ரொம்பத் தேஞ்சிடுச்சு" என்று அவன் போனில் சொன்ன அன்றே முடிவு செய்துவிட்டாள். வாராவாரம் நெடுஞ்சாலையில் நேராக வந்து நேராகப் போகும் வண்டி. அதற்குச் சத்தமில்லாத, நிதானமாகத் தேய்கிற, நீண்ட பயணத்துக்கான டயர் போதும். அளவும் சரி, தாங்கும் சுமைக்கான எண்ணும் சரி, தயாராகியும் சில வாரம்தான் ஆகியிருந்தது.

அவன் குனிந்து பக்கச்சுவரில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தான். அவளிடம் கற்றுக்கொண்டதில் அவன் மறந்தது எதுவும் இல்லை.

"தேய்மான எண் ஐநூத்தி அறுபது."

"ஆமா. எண் பெரிசு, ரொம்ப நாள் உழைக்கும்."

"நான் ஓட்டற ஓட்டத்துக்கு எவ்வளவு நாள் வரும்?"

"மூணு வருஷம் தாராளமா."

"மூணு வருஷம்" என்றான் அவன். நிமிர்ந்தான். "சரி. நல்லது." கையைத் தட்டிக்கொண்டு, தேநீர் குடிக்கிறேன் என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டு அங்குலத்துக்கா இந்த முகம் என்று அவள் நினைத்தாள்.

கடையில் டயர் மாட்டும் ஃபிட்டருக்கு எல்லாரும் வைத்த பெயர் சங்கீதம். நட்டு கழற்றும்போது ஒரு ராகம், மாட்டும்போது வேறு ராகம். அவர் முனகிக்கொண்டே காரை லிஃப்டில் ஏற்றி, முன்சக்கரத்தைக் கழற்றி அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

அவள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய டயரைக் கையால் தடவிப் பார்க்காமல் யாருக்கும் புது டயர் சொல்லக் கூடாது. வண்டிக்காரர் சொல்வது ஒன்றாக இருக்கும், டயர் சொல்வது வேறாக இருக்கும். "மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்பவரின் டயர் வேறு கதை சொல்லும். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வழக்கத்தை ஒரே ஒரு வண்டிக்குத்தான் மீறியிருந்தாள். சொந்தப் புருஷன் பொய் சொல்லவா போகிறான்?

உருண்டு வந்த டயரை நிறுத்தி, பழக்கத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். கை நின்றுவிட்டது.

நெடுஞ்சாலையில் ஓடிய டயர் தட்டையாகத் தேயும். நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி. இதில் நடுவில் இன்னும் வரி இருந்தது. வெளி ஓரம் உருண்டு மொழுமொழுவென்று போயிருந்தது. ஒரு பக்கம் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் அரம் மாதிரி கையை அறுத்தது. வளைவுகளில் திரும்பித் திரும்பி ஓடிய டயர்தான் இப்படி ஆகும். அலைன்மெண்ட் கோளாறாக இருக்க முடியாது, போன தடவை சங்கீதம் பார்த்துச் சரிசெய்து அனுப்பியது. அடுத்த டயரை உருட்டச் சொன்னாள். அதுவும் அப்படியே. வரிகளுக்கு நடுவில் கறுப்பாக, கூராக, சின்னச் சின்னக் கற்கள். திருப்புளியால் ஒன்றை நெம்பி எடுத்து உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள். இந்தக் கல்லை அவளுக்குத் தெரியும். மலைக்குவாரியிலிருந்து வரும் லாரிகளின் டயரில் வாரம் தவறாமல் பார்க்கிறாள். நெடுஞ்சாலையில் இந்தக் கல் கிடையாது. மலைப்பாதையில்தான் இருக்கிறது.

"சங்கீதம், புது செட்டைத் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

ராகம் பாதியில் நின்றது.

அவள் கண்ணாடித் தடுப்பைத் தள்ளித் திறந்தாள். "கிரேன்காரரே, கொஞ்சம் இப்படி வாங்க."

அவன் வந்தான். அவள் கையை விரித்தாள். அவன் கல்லைப் பார்த்தான், டயரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எந்த ரோட்டுல வர்றீங்க?"

"அது வந்து..."

"எந்த ரோட்டுல?"

"மலை வழியா."

"எத்தனை நாளா?"

"ஒரு ஆறேழு மாசமா. நெடுஞ்சாலையில சுத்திக்கிட்டு வரணும். மலை வழின்னா ஒண்ணரை மணி நேரம் மிச்சம்."

"மிச்சம் பிடிச்சு என்ன பண்றீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "சுத்தி வந்தா நீ தூங்கியிருப்ப. மலை வழியா வந்தா முழிச்சிருக்கும்போதே வந்துடலாம்."

அவளுக்குக் கோபம் வந்தது. அதற்குள் வேறு ஏதோ ஒன்று வந்து அந்தக் கோபத்தின் காலை வாரிவிட்டது. மூடுபனி, ஒரு பக்கம் சுவர் இல்லாத வளைவுகள், எதிரே வரும் குவாரி லாரிகள். அத்தனையும் தாண்டி வந்து, வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு, "இன்னைக்கு டிராஃபிக்கே இல்ல, சீக்கிரம் வந்துட்டேன்" என்பான். அவளும் நம்பினாள். டயரைத் தொட்டுப் பார்த்திருந்தால் முதல் மாசமே தெரிந்திருக்கும்.

வாயாடி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. அண்ணி, உங்களைச் சொல்லல. பல்லியைச் சொன்னேன்."

"பல்லி பில்லைப் போடட்டும்" என்றாள் அவள். வாயாடி நகர்ந்தாள், ஆனால் காது நகரவில்லை.

"அந்த செட் இந்த வண்டிக்கு ஆகாது" என்று அவனிடம் சொன்னாள். இப்போது அவள் குரல் கடைக்காரியின் குரல். "அது கெட்டி ரப்பர். நேர் ரோட்டுக்கு ராஜா. ஈரமான வளைவுல பிடி பத்தாது. இதைவிட மென்மையானது வேணும்."

"அப்ப அந்தத் தேய்மான எண் இருநூறு போட்டது? படிச்சேனே."

"அது பந்தயத்துக்கு. குளிர்ல கல்லு மாதிரி இறுகிடும், தண்ணி நின்னா மிதக்கும். உங்களுக்கு முந்நூறுக்குப் பக்கத்துல, மழையில பேர் வாங்கினது. அதே அளவு, முன்னாடி பின்னாடி ரெண்டும் என்கிட்டயே இருக்கு."

"எவ்வளவு நாள் வரும்?"

"இந்த ஓட்டத்துக்கு ஒரு வருஷம். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க."

அவன் லிஃப்ட் பக்கத்தில் நின்ற புது டயர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "ஒரு வருஷமா?" என்றான். "நீ மூணு வருஷத்துக்கு டயர் வாங்கி வெச்சிருந்தியே."

"அதனால?"

"அதைப் பார்த்துட்டுத்தான் உள்ளே போய் உட்கார்ந்தேன். நேத்து உன்கிட்ட ஒப்பந்தத்தைச் சொன்னேன், உங்க இஷ்டம்னுட்ட. இன்னைக்கு வந்து பார்த்தா மூணு வருஷத்துக்கு டயர் நிக்குது. சரி, இதான் அவ பதில்னு நெனச்சேன். போய்க் கையெழுத்துப் போட்டுடலாம்னு முடிவே பண்ணிட்டேன்."

"டயரைப் பார்த்து ஜோசியம் சொல்றீங்களா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடியும் இடத்தில் கண் கரித்தது. "அதை வாங்கி ரெண்டு வாரம் ஆச்சு. ஒப்பந்தத்தைப் பத்தி எனக்கு நேத்துதான் தெரியும்!"

"எனக்கு எப்படித் தெரியும்? வேற எதையும் நீ வாயைத் திறந்து சொல்றதில்லையே. கிடைச்சதைப் படிச்சேன்."

சங்கீதம் ரொம்ப அவசரமாக ஏதோ ஒரு ராகத்தை ஆரம்பித்தார்.

மென்மையான செட்டை அவளே அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அகலமானது பின்னால், மெலிந்தது முன்னால். பக்கச்சுவரில் இருக்கும் அம்புக்குறி வண்டி ஓடும் திசையைக் காட்டுகிறதா என்று நாலையும் சுற்றிவந்து பார்த்தாள். பேலன்சிங் முடிந்து சக்கரங்கள் ஏறியதும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரை வாங்கி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை ஒவ்வொரு நட்டையும் தானே முறுக்கினாள். கை வேலை செய்துகொண்டிருக்க, மனசு அதன் வேலையைச் செய்தது. உலகத்திலேயே நல்ல டயரை மாட்டிவிட்டேன், சரி. அதற்காக மலை தட்டையாகிவிடுமா? லாரிதான் ஒதுங்கிப் போகுமா? அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இனிமேல் எந்த வழியில் வருகிறான் என்று தெரிந்தே உட்கார்ந்திருப்பாள். மொத்த வியாபாரியிடம் விலை பேசுகிறாள். கடன் சொல்ல வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாள். வண்டிக்காரரின் முகத்துக்கு நேராக "தப்பா ஓட்டுறீங்க" என்கிறாள். இந்த ஒரு ஆளிடம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊமை.

"ஏறுங்க" என்றாள். "ஒரு சுத்து ஓட்டிப் பார்க்கணும். புது ரப்பரோட மேல்பரப்பு முதல்ல வழுக்கும், கொஞ்ச தூரம் ஓடினாத்தான் அது போகும்."

"நீயும் வர்றியா? கடை?"

"கடையைப் பல்லி பார்த்துக்கும்."

"நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றாள் வாயாடி உள்ளிருந்து. "அண்ணா, நேரா ரோட்டைப் பார்த்து ஓட்டு. அண்ணி, நீங்க நேரா பேசுங்க."

கடைத்தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி, ஊரைச் சுற்றும் அகலமான சாலைக்கு வந்தார்கள். சனிக்கிழமை என்பதால் கூட்டமில்லை. புது டயரின் சத்தம் கார் தரை வழியாக மெல்லிய ரீங்காரமாக வந்தது. அவள் அதைக் காது கொடுத்துக் கேட்டாள். அதிர்வு இல்லை, இழுப்பு இல்லை.

"அந்த ரவுண்டானாவுல மெதுவா. இன்னும் மெதுவா. ஆங், இப்படித்தான்."

"நல்லா பிடிக்குது" என்றான் அவன்.

"பிடிக்கும்."

ரவுண்டானாவை ஒரு தடவை சுற்றினார்கள். இரண்டாவது தடவையும் சுற்றினான். எந்தச் சாலையில் வெளியே போவது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்றாவது சுற்றில் அவன் சாலையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தான்.

"ஊருக்கு வெளியில கண்டெய்னர் யார்டு வந்திருக்கில்ல? எங்க கம்பெனியோடதுதான். அங்க ஒரு ஆள் வேணுமாம். மொத்தமே ரெண்டு கிரேன். துறைமுகத்து உயரம் இல்ல, கடல் காத்து இல்ல. சின்ன வேலை."

அவள் கேட்டாள். "உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும். உயரம் பார்த்தாச்சு. திங்கட்கிழமை அதையும் கேட்டுப் பார்க்கலாம், கேட்டா தருவாங்க. ஆனா நானா வந்து நின்னா, உனக்காக விட்டுட்டு வந்தேன்னு ஒரு பாரத்தை உன் தலையில இறக்கின மாதிரி ஆயிடும். நீ தனியா ராணி மாதிரி இருக்க. கூப்பிடாத வீட்டுக்குள்ள எப்படி நுழையறதுன்னு..."

"அது உங்க வீடுங்க."

"வீடு என்னோடதுதான். வாரத்துல ரெண்டு நாள்."

"நானா கூப்பிட்டா பேச்சு மாறினவள்னு ஆயிடுமேன்னு இருந்தேன்."

"யார் சொல்லுவா?"

"நீங்கதான்."

"நானா? உன்னையா?" அவன் சிரித்தேவிட்டான். "மூணு வருஷமா அந்தப் பேச்சுல என் பாதியை நான்தான் கட்டிச் சுமந்துட்டு இருக்கேன்னு நெனச்சேன். நீயும் உன் பாதியைச் சுமந்துட்டுத்தான் இருந்தியா?"

சாலையோரம் நிழல் பார்த்துக் காரை நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். பக்கத்தில் ஒரு சைக்கிள் கடந்து போனது. ஓட்டியவர் காரை ஒரு தடவை ஆசையாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் கையில் இன்னும் கிரீஸ் ஒட்டியிருந்தது. துடைக்கத் துணி தேடவில்லை. அப்படியே அவன் கையைப் பிடித்தாள், நட்டு முறுக்கிய அதே பிடியில்.

அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடையில் விலை சொல்லும்போது எப்படிச் சொல்வாளோ, அப்படித் தெளிவாக, ஒரே தடவையாக, மாற்றிச் சொல்ல இடம் வைக்காமல் அவள் சொன்னாள்:

"கிரேனை விட்டு இறங்கி வந்துடுங்க. வாரத்துல ரெண்டு நாள் இல்ல, எல்லா நாளும் எனக்கு நீங்க வீட்டுல வேணும்."